கயிறு மாமா ஊதிய விசில்

கயிறு மாமாவுக்குக் காலில் சக்கரம் என்று அவர் மனைவி சொல்வாள். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய் உள்ளே போவதற்குள் எழுந்து ஜன்னல் கொக்கியைப் பார்க்கப் போவார். முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு எழுந்துபோய், வெளியே நிறுத்திய லாரியை எட்டிப் பார்த்துவிட்டு வந்த கதையும் உண்டு. இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த தொழில் கூடாரம் அடிப்பது. ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வருகிறவனுக்குத்தான் அங்கே வேலை, ஆகவே இரண்டும் நன்றாகப் பொருந்திப் போயிற்று.

பதினேழு வயதில் ஒரு சர்க்கஸ் கம்பெனியில் முளையடிக்கச் சேர்ந்தார். யானையைப் பார்த்து ஆசைப்பட்டுச் சேர்ந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு வீட்டில் பதில் சொல்ல முடியாமல் சேர்ந்தார். ஆறு வருடம் ஊர் ஊராகப் போய் மண்ணைப் படித்தார். களிமண்ணுக்கு எவ்வளவு நீள முளை, மணலில் எவ்வளவு சாய்த்து அடிக்க வேண்டும், மழைக்கு மறுநாள் எந்த முளையை நம்பக் கூடாது, எல்லாவற்றையும் சுத்தியல் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பிறகு சர்க்கஸ் படுத்துவிட்டது. இவர் வாடகைக் கூடாரத் தொழிலில் இறங்கி, தட்டுத் தடுமாறி, இரண்டு லாரி, நான்கு ஆட்கள், ஒரு பெரிய கூடாரம் என்று காலூன்றினார்.

அந்தப் பெரிய கூடாரத்துக்கு வருடத்தில் நிச்சயமான வேலை ஒன்று இருந்தது. பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடியதும், சுற்றுவட்டாரத் திருச்சபைகள் எல்லாம் சேர்ந்து பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் விழா நடத்தும். ஊருக்கு வெளியே ஒரு பெரிய புல்வெளி. பகலெல்லாம் விளையாட்டு, குழுப் பேச்சு, பாட்டுப் பயிற்சி. மாலை ஆறரைக்குக் கூடாரத்தில் ஆராதனை. இரண்டாயிரத்து நானூறு பிள்ளைகள். அத்தனை பேரின் ஈரத் துண்டும் அவருடைய இழுகயிறுகளில்தான் காயும். அத்தனை பேரும் ஓடும்போது தடுக்கி விழுவதும் அதே கயிறுகளில்தான். இவர் எந்நேரமும் "கயிறு, கயிறு" என்று கத்திக்கொண்டே திரிவார். முதல் வருடமே பிள்ளைகள் கயிறு மாமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவரைத் தூரத்தில் கண்டாலே இருபது குரல்கள் "கயிறு, கயிறு" என்று திருப்பிக் கத்தும். கோபம் வருகிற மாதிரி முறைப்பார். உள்ளுக்குள் அவருக்கு அது பிடித்திருந்தது.

கயிறுகூடப் பெரிய விஷயமில்லை, காற்றுதான் விஷயம். கழுத்தில் ஒரு காற்றுமானி தொங்கும், உள்ளங்கை அளவு, நுனியில் ஒரு குட்டி விசிறி. கால் மணிக்கு ஒரு தடவை அதைத் தூக்கிப் பிடித்து, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அது காட்டும் எண்ணை ஒரு தாளில் எழுத வேண்டும். நாற்பது என்றால் பக்கத் திரைகளை இறக்கிக் கட்டுவார்கள். ஐம்பதைத் தொட்டால் மூன்று நீள விசில். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. பாட்டு நடந்தாலும் சரி, ஜெபம் நடந்தாலும் சரி, பிரசங்கியார் பரலோகத்தின் வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்தாலும் சரி, எல்லாரும் எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஏன், எதற்கு என்று இவரை யாரும் கேட்கக் கூடாது. முதல் நாளே பிள்ளைகளுக்கு இதில் பயிற்சி உண்டு. கடைசியாக வெளியே வருகிற குழு மறுநாள் தட்டுக் கழுவ வேண்டும் என்பதால் பறந்து வருவார்கள். பன்னிரண்டு வருடத்தில் இரண்டே தடவை நிஜமாக ஊதியிருக்கிறார். இரண்டு தடவையும் சரியாக ஊதியிருக்கிறார்.

இந்த வருடம் அவருடைய மகளும் விழாவில் சேர்ந்திருந்தாள். பதினாறு வயது. சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவோடு லாரியில் வந்து கித்தான் மூட்டைமேல் குதித்தவள்தான். ஆனால் இப்போது பச்சைக் குழுவில் ஒருத்தியாக, கையில் பச்சைப் பட்டையோடு, தோழிகளோடு போகும்போது அப்பாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அது போதும் என்று இவர் இருந்தார். நான்காம் நாள் காலையில் மைக்செட்காரர் வந்து கெடுத்தார்.

"அண்ணே, இன்னைக்கு சாட்சி சொல்றதுல உங்க பொண்ணு மூணாவது. மைக்க இறக்கி வைக்கணும், அவ என்ன உயரம்?"

இவர் தன் தோளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். மைக்செட்காரர் போய்விட்டார். காட்டிய கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

சாட்சி நேரம் அந்த விழாவின் உயிர்நாடி. நான்காம் நாள் மாலை, பிள்ளைகளில் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக மேடையேறி மனதில் கிடப்பதைச் சொல்வார்கள். என்ன சொல்லப் போகிறோம் என்று முன்கூட்டி யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. முடித்த பின் கைதட்டவும் கூடாது. வீட்டுச் சுவருக்குள் நடப்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். ஒரு வருடம் ஒருத்தி அம்மாவின் குடியைச் சொன்னாள். இன்னொரு வருடம் ஒரு பையன் அப்பாவின் பெல்ட்டைச் சொன்னான். கயிறு மாமா கித்தானுக்கு வெளியே நின்று அதைக் கேட்டு, அந்தப் பெற்றோரை மனதுக்குள் கிழி கிழியென்று கிழித்திருக்கிறார்.

இப்போது அவர் முறை. ஏனென்றால் அவரிடமும் ஒன்று இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மனைவியோடு வாய்ச்சண்டை முற்றி, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினார். தூரத்தில் பெரிய ஒப்பந்த வேலை என்று தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்தார். மானத்துக்குப் பயந்து மனைவியும் அதையே சொன்னாள். உண்மையில் அவர் இருந்தது பஸ்ஸில் இருபது நிமிஷத் தூரத்தில், ஒரு கிடங்கின் பின்னால் ஒற்றை அறையில். அப்படி ஏழு மாதம். அதில் ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளிச் சீருடையில் மகள் நின்றிருந்தாள். அங்கே எதற்கு வந்தாளோ தெரியாது. "அப்பா" என்று கூப்பிட்டாள். இவர் திரும்பி, கம்பத்தில் ஒட்டியிருந்த பஸ் நேர அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தார். அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். இவர் படித்துக்கொண்டே இருந்தார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். அதற்கப்புறம் இரண்டு மாதத்தில் வீடு திரும்பினார், மனைவி கதவைத் திறந்தாள், எல்லாம் பழையபடி ஆனது. மகள் மட்டும் அந்த பஸ் நிறுத்தத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறார்.

அன்றைக்கு அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. கூடாரத்தைப் பதினொரு சுற்றுச் சுற்றினார். நன்றாக இருந்த முளைகளைப் போட்டு அடித்தார். கித்தான் தைக்கிற ஆளிடம் ஊசி எங்கே என்று கத்தினார், ஊசி இவர் சட்டைக் காலரிலேயே குத்தியிருந்தது. மதியம் சாப்பாட்டு வரிசையில் மகள் பக்கத்தில் போய் நின்று, சாயங்காலம் என்ன பேசப் போகிறாய் என்று சும்மா கேட்பது போலக் கேட்டார். அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுதான் விதி என்று அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்த்ததும் இவருக்கு உறுதியாகிவிட்டது. பஸ் நிறுத்தம்தான், வேறொன்றும் இருக்க முடியாது.

மூன்று மணிக்குமேல் காற்று கிளம்பியது. இருபத்திரண்டு, இருபத்தெட்டு, முப்பத்தொன்று. அது ஒரு சாதாரணக் காற்று. இதைவிடப் பெரிய காற்றில் அவர் கூடாரத்துக்குள் கல்யாணமே நடந்திருக்கிறது.

ஆறரைக்கு ஆராதனை தொடங்கியது. பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, முதலில் ஒரு பையன் பேசினான். இரண்டாவதாக ஒரு பெண் பேசினாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று இவர் காதில் விழவில்லை. பக்கத் திரையின் இடுக்கில் கண்ணை வைத்து, பச்சைக் குழுவின் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாமவள் இறங்கினாள். மகள் எழுந்தாள். உள்ளங்கையை உடையில் துடைத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு வீச்சு அடித்தது, தலைக்குமேல் கித்தான் படபடத்தது. காற்றுமானியைத் தூக்கினார்.

முப்பத்தாறு.

நன்றாகத் தெரியும்படி, எந்தச் சந்தேகமும் இல்லாமல், முப்பத்தாறு. கயிறு மாமா விசிலை வாயில் வைத்து மூன்று தடவை நீளமாக ஊதினார்.

குறை சொல்லக் கூடாது, பிள்ளைகள் பிரமாதமாக வெளியேறினார்கள். ஆறு நிமிஷம் பத்து வினாடி. ஒருத்திக்கு மட்டும் வாசலில் கணுக்கால் பிசகிக்கொண்டது. இவர் தாளை எடுத்து, ஏழு மணி பத்து நிமிஷம் என்று போட்டு, எதிரே ஐம்பத்திரண்டு என்று எழுதினார். கை நடுங்கவில்லை. அதுதான் பிற்பாடு நினைக்க நினைக்க அவருக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டாயிரத்து நானூறு பேரும் புல்வெளியின் மறுகோடியில் உட்கார்ந்து புயலுக்காகக் காத்திருந்தார்கள். காற்றுக்கு என்ன தெரியும், அது பாட்டுக்குத் தணிந்துகொண்டே போனது. எட்டு மணிக்கு ஒரு இலைகூட அசையவில்லை. யாராவது வந்து சட்டையைப் பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அதற்குப் பதில் பிரசங்கியார் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, பெரும் ஆபத்திலிருந்து காத்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். விழாச் செயலாளரான பல் டாக்டரம்மா ஓடிவந்து இவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. இவருக்கு அந்தக் கைகளை எப்படி விடுவிப்பது என்று தெரியவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போன பின் கூடாரத்துக்குள் போய், ஓட்டத்தில் சாய்ந்த நாற்காலிகளை நிமிர்த்தத் தொடங்கினார். மகள் வந்தாள். அவளும் ஒரு வரிசையை நிமிர்த்தினாள். பிறகு கேட்டாள்.

"காத்து எவ்வளவுப்பா இருந்துச்சு?"

ஐம்பத்திரண்டு என்று நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வந்தது வேறு. "முப்பத்தாறு."

அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். இவர்தான் உடைந்தார். பஸ் நிறுத்தத்தைப் பற்றி, இரண்டு வருடமாகச் சொல்லாததை, முன்னும் பின்னுமாகச் சொன்னார். அட்டவணையில் இருந்த ஒரு எழுத்துகூட அன்றைக்குத் தன் கண்ணில் தெரியவில்லை என்றார். அதை இத்தனை பேர் முன்னால் நீ சொல்லிவிடுவாய் என்று பயந்துவிட்டேன் என்றார்.

மகள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அழவில்லை. ஏதோ புரியாத பாஷையைக் கேட்பவள் மாதிரிப் பார்த்தாள்.

"அப்பா, நான் சொல்ல வந்ததுல நீங்க இல்லவே இல்ல."

கயிறு மாமாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் சுமந்ததெல்லாம் ஒரு பக்கம் இறங்க, இன்னொரு பக்கம் அதைவிடப் பெரிய பயம் வந்து ஏறியது. அவர் இல்லாத ஏதோ ஒன்று, ரத்தம் சுண்டிப் போகிற அளவுக்கு ஏதோ ஒன்று, இந்தப் பெண்ணுக்கு நடந்திருக்கிறது. அல்லது இவள் செய்திருக்கிறாள். இவர் பாட்டுக்குத் தன் மானத்தைச் சுற்றி முளையடித்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னம்மா அது, என்னிடம் சொல்லு என்று கேட்டார்.

"உங்ககிட்ட முடியாது. அம்மாகிட்டயும் முடியாது. நாலு மாசமா முயற்சி பண்ணேன். எல்லாரும் சும்மா கேட்டுட்டு, யாரும் ஒண்ணும் சொல்லாம இருப்பாங்க பாருங்க, அங்கதான் முடியும்னு தோணுச்சு. எந்திரிச்சுகூட நின்னுட்டேன்பா." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இனிமே வருமான்னு தெரியல."

இவர் ஒரு நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். நாளைக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தால் பேசுவாயா என்று கேட்டார்.

"நீங்க அங்க நின்னு கேக்காம இருந்தா."

சரி என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மனைவிக்குப் போன் போட்டு, விசில் விஷயத்தையும் பஸ் நிறுத்த விஷயத்தையும் ஒரே மூச்சில் கொட்டினார். பஸ் நிறுத்தம் தனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள் அவள். மகள் வீட்டுக்கு வந்ததும் சொல்லி அழுதாளாம். தெரிந்துதான் கதவைத் திறந்தேன், இப்போது அந்தப் பிள்ளையின் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

காலைச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால், முந்தைய நாள் காற்று அங்கே ஒரு பெரும் புயலாகவே வளர்ந்திருந்தது. நடுக்கம்பம் வளைந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒரு பையன் சத்தியம் பண்ணினான். விசில் ஊதுவதற்கு ஒரு நிமிஷம் முன்பே தனக்கு உள்ளுணர்வு சொன்னதாக இரண்டு பெண்கள் சொன்னார்கள். குழுத் தலைவர்கள் அதையெல்லாம் பக்தியோடு குறித்துக்கொண்டிருந்தார்கள். கயிறு மாமா டீயை அப்படியே வைத்துவிட்டு டாக்டரம்மாவைத் தேடிப் போனார்.

அலுவலக அறையில் அந்த அம்மா நிறைவு ஆராதனையின் நிகழ்ச்சித் தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஒதுக்கி, இவரை மேடைக்கு அழைத்து நன்றி சொல்வதாக ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மகள் பேச இருந்ததால் ஊதினேன் என்றும் சொன்னார். பல் பிடுங்கி முப்பது வருடம் பழகிய அந்த அம்மா கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகப் பேசினார். இரண்டாயிரத்து நானூறு பிள்ளைகள் நேற்றுக் கடவுள் காத்தார் என்று நம்பி நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதைப் போய்க் கலைப்பானேன், நமக்குள் இருக்கட்டும், மேடை மரியாதையை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்றார்.

அந்தப் பத்து நிமிஷத்தை எடுக்க வேண்டாம், நேற்றுப் பேச முடியாமல் போன மூன்று பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார் இவர். காரணம் சொல்லாமல் எப்படிக் கொடுப்பது என்று டாக்டரம்மா கேட்டார். காரணத்தை நான் சொல்கிறேன் என்றார்.

"மேடைல சொன்னீங்கன்னா அடுத்த வருஷம் உங்கள கூப்பிட முடியாது அண்ணா. குழு ஒத்துக்காது. நானும் ஒத்துக்க மாட்டேன்."

"தெரியும் டாக்டரம்மா."

நிறைவு ஆராதனையில் இவர் பெயரைச் சொன்னதும் கூடாரமே அதிர்ந்தது. "கயிறு, கயிறு" என்று இரண்டாயிரத்து நானூறு தொண்டைகள். முன்வரிசையில் கணுக்காலில் கட்டோடு ஒரு பெண், காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு, எல்லாரையும்விடப் பலமாகக் கத்திக்கொண்டிருந்தாள். இவர் மைக் பக்கத்தில் போய் நின்றார். நிற்க முடியவில்லை. இடது காலை மாற்றினார், வலது காலை மாற்றினார்.

"நேத்து காத்து முப்பத்தாறுதான். ஐம்பது ஆகல. தாள்ல நான் பொய்யா எழுதினேன். பேச இருந்தவங்கள்ல ஒருத்தர் என்னைப் பத்தி பேசிருவாங்கன்னு பயந்து விசில் ஊதிட்டேன். அவ்ளோதான். கடவுள் இதுல ஒண்ணும் பண்ணல. அந்தப் பொண்ணு கால் பிசகினது என்னாலதான். மன்னிச்சிடும்மா."

சத்தம் அப்படியே அடங்கியது. பின்னால் எங்கேயோ ஒரு பையன் ஊளையிட்டான், யாரோ அவனை அடக்கினார்கள். முன்வரிசைப் பெண் குனிந்து தன் கால் கட்டைப் பார்த்தாள். இவர் மைக்கை விட்டு நகரப் போய், மறுபடி வந்தார்.

"ஒண்ணு கேளுங்க. இனிமே எங்கயாவது விசில் கேட்டா எந்திரிச்சு ஓடுங்க. நான் பொய் சொன்னேன்னு நீங்க உக்காந்துடாதீங்க. இன்னைலருந்து காத்துமானிய ரெண்டு பேர் பாப்பாங்க. நேத்து பேச முடியாம போன மூணு பேரும் இப்ப பேசட்டும்."

காற்றுமானியையும் விசிலையும் கழற்றி, வாசலில் நின்ற தன் மூத்த ஆளிடம் கொடுத்தார். உடன் பார்க்க ஒரு குழுத் தலைவரை நிறுத்தினார். மகள் ஏற்கெனவே நடைபாதைக்கு வந்துவிட்டாள். அப்பாவைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். இவர் தலையை அசைத்துவிட்டு வேகமாக வெளியே நடந்தார்.

ஆனால் மைக்செட்காரர் கெட்டிக்காரர். புல்வெளியின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார். சமையற்கூடத்துக்குப் பின்னால் போனார், அங்கேயும் கேட்டது. வேலி வரைக்கும் போனார், அங்கேயும் கேட்டது. மகளின் குரல் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு" என்று தொடங்கியது. இவர் காதைப் பொத்திக்கொண்டு லாரியைப் பார்த்து ஓடினார். ஐம்பத்தொரு வயது மனிதர், தன் கயிற்றிலேயே தடுக்கி, எழுந்து, ஓடினார். ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜினைக் கிளப்பி, ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

லாரி நின்ற இடத்திலேயே உறுமியது. அவளை என்ன செய்திருப்பார்கள், யார் செய்திருப்பார்கள், அல்லது அவளே என்ன செய்துவிட்டாள் என்று மனது நூறு பக்கம் ஓடியது. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினால் தெரிந்துவிடும். கை இரண்டு தடவை அந்தப் பிடிக்குப் போனது. இரண்டு தடவையும் அதை இழுத்து ஸ்டியரிங்கில் வைத்தார். எதிரே கூடாரத்தின் திறந்த பக்கத்தில் பிள்ளைகளின் முதுகுகள் தெரிந்தன. ஒரு முதுகும் அசையவில்லை. காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். டீசல் முள் இறங்கியது. கண் எரிந்து வழிந்தது, துடைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து முதுகுகள் எழுந்தன. மகள் புல்வெளியைத் தாண்டி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. இன்ஜினை நிறுத்துங்கள், போதும் என்றாள். நிறுத்தினார். பசிக்கிறது என்றாள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்த கோடையில் அந்தப் புல்வெளியில் வேறொருவர் கூடாரம் நின்றது. மகள் அதற்கும் போனாள், பேருந்தில் போய்ப் பேருந்தில் வந்தாள். அன்றைக்கு அவள் பேசியதை இரண்டாயிரத்து நானூறு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கயிறு மாமா இன்றுவரை ஒருவரையும் கேட்கவில்லை.